அன்றாட மாத்திரைகளும் தாடை எலும்பும்: பல் இம்ப்ளாண்ட் ஊன்றுவதில் மருந்துகளின் பங்கு, மதராசி கேம்ப் உழைப்பாளிகளை முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

டெல்லி ஜங்புராவில், பாரபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த தமிழர் குடியிருப்பின் பெயர் மதராசி கேம்ப். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். பெண்கள் பலருக்குச் சுற்றுவட்டார வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதும் தரை துடைப்பதும் சமையலும் வேலை. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மே 9 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, ஜூன் 1ஆம் தேதி அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. இருந்த ஏறத்தாழ 370 வீடுகளில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நகரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள்.

பல் இம்ப்ளாண்டைப் பற்றிய கட்டுரையில் இந்த மக்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாடநூல்கள் மனதில் வைத்திருக்கும் நோயாளி குடும்ப மருத்துவர் உள்ளவர். கணினியில் மருந்துப் பட்டியல் உள்ளவர். எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரம் மாத்திரை சாப்பிடும் வெள்ளைக்கார மூதாட்டி. அந்த நூல்கள் மருந்துகளை வரிசைப்படுத்தும் முறையும் அவரை ஒட்டியே அமைகிறது. வீட்டுவேலை செய்யும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த வரிசை பொருந்தாது. அவர் உடம்பில் ஓடும் மருந்துகள் வேறு, அவை வந்து சேரும் வழியும் வேறு.

இம்ப்ளாண்ட் என்றாலே காசுள்ளவர் சமாச்சாரம் என்ற பேச்சும் பழசாகிக்கொண்டு வருகிறது. பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் இம்ப்ளாண்ட் வைக்கிறார்கள். எய்ம்ஸ் வளாகத்தின் பல் மருத்துவ மையமும், டெல்லி அரசின் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும் ஜங்புராவிலிருந்து ஒரு பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருந்தன. கடைவாய்ப் பற்களை இழந்தவர் கழற்றி மாட்டும் பல்செட்டோடு காலம் தள்ள வேண்டும் என்ற கட்டாயம் இனி இல்லை.

இது மருத்துவ ஆய்வுகளில் ஏற்கெனவே வெளியானவற்றை, இத்தகைய உழைக்கும் குடியிருப்புகளின் மாத்திரைப் பழக்கத்தோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி. என் துணிபு ஒன்றுதான்: இம்ப்ளாண்டுக்கு முன் “உங்களுக்கு என்ன நோய்?” என்று கேட்பது போதாது. “என்னென்ன மாத்திரை, எத்தனை நாளாக, யார் கொடுத்தது?” என்று கேட்டாக வேண்டும்.

2. டைட்டானியத்தை எலும்பு ஏற்கும் விதம்

1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பேர்-இங்வார் பிரோனெமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க டைட்டானியத்தாலான சிறு நோக்குக் குழாயைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்றப் பார்த்தால் கழலவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டிப் பிணைந்துவிட்டிருந்தது. 1965இல் கோத்தன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதல் டைட்டானிய வேர்கள் பதிக்கப்பட்டன. 2006இல் அவர் இறக்கும் வரை அவை பயன்பட்டன. 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகப் பல் மருத்துவம் இதை முழுமனதோடு ஏற்றது.

தாடையில் துளையிட்டு ஸ்க்ரூவை முறுக்கி இறக்கியதும் அது அசையாமல் நிற்பது எலும்பின் இயந்திரப் பிடிப்பால். உயிர்ப் பிணைப்பு அதற்குப் பிறகு வருவது. முதலில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் அழற்சி: வெள்ளணுக்கள் வந்து சிதைந்ததைத் துப்புரவு செய்கின்றன, புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. முதல் வார முடிவில் புதிய எலும்பு ஒழுங்கற்ற பின்னலாக உருவாகத் தொடங்குகிறது. அதே சமயம், திருகு மரைகளை ஒட்டியிருந்த பழைய எலும்பு அரிக்கப்படுகிறது. பழைய பிடிப்பு தளர்ந்து, புதிய பிணைப்பு இன்னும் இறுகாத காலம் மூன்றாவது, நான்காவது வாரங்கள். இம்ப்ளாண்ட் மிகவும் வலுவிழந்து நிற்பது அப்போதுதான். பிறகு பின்னல் எலும்பு மெல்ல அடுக்கெலும்பாக மாறுகிறது. கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருப்பது பழைய மரபு. இன்றைய இம்ப்ளாண்ட் பரப்புகளால் அது குறைந்திருந்தாலும் படிகள் மாறவில்லை.

மருந்து இந்த வேலையில் புகுவதற்கு நான்கு வாசல் உண்டு. அழற்சியை அடக்கலாம். எலும்பு கட்டும் செல்களை மந்தமாக்கலாம். எலும்பு அரிக்கும் செல்களைத் தடுக்கலாம் அல்லது தூண்டலாம். கால்சியம், வைட்டமின் டி ஆகிய மூலப்பொருள்களின் வரத்தைக் குறைக்கலாம். பின்வரும் மருந்து ஒவ்வொன்றும் எந்த வாசலில் நுழைகிறது என்பதைப் பார்த்தால், அது எந்த வாரத்தில் கெடுக்கும் என்பதும் புரிந்துவிடும்.

டெல்லியைப் பொறுத்தவரை நான்காவது வாசல் தொடக்கத்திலேயே பாதி சாத்தியிருக்கிறது. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் டெல்லிவாசிகளிடமும் வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருப்பதை 2000இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இத்தனைக்கும் வெயிலுக்குக் குறைவில்லாத ஊர் அது. விடிந்ததும் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று மாலை வரை கூரைக்குக் கீழேயே உழைக்கும் பெண்ணுக்கு அந்த வெயிலால் பயன் குறைவு.

3. வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும்

பாடநூல்களில் கடைசியில் வரும் இந்த இணையை முதலில் வைக்கிறேன். உழைக்கும் மக்களின் முந்தானையிலும் சட்டைப்பையிலும் அதிகம் இருப்பவை இவைதாம்.

3.1 வலி மாத்திரை

டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் எல்லாம் காக்ஸ் என்ற நொதியை முடக்குகின்றன. வலி குறைகிறது, வீக்கம் வடிகிறது. ஆனால் அந்த நொதி உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்தான் எலும்பு ஆறுவதற்கான தொடக்க அழைப்பையும் விடுக்கிறது. காக்ஸ்-2 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் முறிந்த எலும்பு சரியாகக் கூடவில்லை என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. விலங்குகளில் செய்த பல சோதனைகளும் அதே பக்கம் சாய்கின்றன.

மனிதர்களிடம் நிலைமை இவ்வளவு மோசமில்லை. இம்ப்ளாண்ட் வைத்தபின் ஏழு நாட்கள், நாளைக்கு நான்கு வேளை 600 மி.கி. ஐபுபுரோஃபென் கொடுத்து, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. இம்ப்ளாண்டைச் சுற்றிய எலும்பின் அளவில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே அறுவைக்குப் பின் பல் மருத்துவர் மூன்று நாள், ஐந்து நாள் எழுதித் தரும் மாத்திரையைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்.

கவலை வேறு இடத்தில். குந்தி உட்கார்ந்து தரை துடைத்தே மூட்டு தேய்ந்தவர் அதே மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறார். காலையில் ஒன்று போட்டால்தான் கை கால் வளைகிறது. அவருக்கு இம்ப்ளாண்ட் வைத்தால் அந்த மூன்றாவது, நான்காவது வாரங்களிலும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். ஏழு நாள் ஆய்வின் ஆறுதல் அவருக்குச் செல்லாது. சிறுநீரகம், இரைப்பை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு வரும் கேடு தனிக்கணக்கு. முடிந்தவரை அந்தச் சில வாரங்களுக்குப் பாராசிட்டமாலுக்கு மாறுவது நல்லது. குடிப்பழக்கம் உள்ளவருக்குக் கல்லீரலைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளில் பல, பாராசிட்டமாலும் மேற்சொன்ன மருந்துகளில் ஒன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள். காம்பிஃப்ளாம் வாங்குபவர் ஐபுபுரோஃபெனையும் சேர்த்தே விழுங்குகிறார். “பாராசிட்டமால்தானே சாப்பிடுகிறேன்” என்று அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது.

3.2 கேஸ் மாத்திரை

ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல், ராபெப்ரசோல் ஆகியவை இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்பை அடைக்கின்றன. அமிலம் குறைந்தால் உணவிலும் சாதாரண கால்சியம் மாத்திரையிலும் உள்ள கால்சியம் சரியாகக் கரையாது. கரையாதது உடம்பில் சேராது. நெடுநாள் சாப்பிடுவோருக்கு எலும்பு முறிவு அபாயம் கூடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இலேயே எச்சரித்தது. எலும்பு அரிக்கும் செல்லுக்கும் அமிலப் பம்பு ஒன்று உண்டு. இந்த மருந்து அதையும் தொடக்கூடும் என்பது ஒரு கருத்து.

இம்ப்ளாண்டைப் பற்றி இரண்டு ஆய்வுகள் 2017இல் வெளியாயின. கனடாவின் மாக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 799 பேரின் 1,773 இம்ப்ளாண்டுகளைப் பின்தொடர்ந்தார்கள். இம்மருந்து சாப்பிட்டவர்களிடம் 6.8 சதவீதமும் சாப்பிடாதவர்களிடம் 3.2 சதவீதமும் தோற்றன. ஸ்வீடனில் 999 பேரின் 3,559 இம்ப்ளாண்டுகளை வைத்துச் செய்த ஆய்வில் இது 12.0 சதவீதத்துக்கு 4.5 சதவீதம்.

இருமடங்குக்கு மேல் என்று கேட்கும்போது திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கனடிய ஆய்வில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் 58 பேர்தான், அவர்களுக்கு வைத்தவை 133. 6.8 சதவீதம் என்பது ஒன்பது இம்ப்ளாண்டுகள். ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்திருந்தாலே சதவீதம் வேறாகியிருக்கும். ஸ்வீடன் ஆய்வில் 250க்கு 30. அது இன்னும் கொஞ்சம் உறுதியான எண். அப்போதும், இந்த மாத்திரை சாப்பிடுபவர் மற்றவரைவிட வயதானவராக, வேறு நோய் உள்ளவராக, புகைப்பவராக இருக்கலாம் என்ற சந்தேகம் முழுதாகத் தீராது.

3.3 இரண்டும் சேரும்போது

வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது. அதற்காகக் கேஸ் மாத்திரை சேர்கிறது. மருத்துவர் எழுதினாலும் இப்படித்தான், கடைக்காரர் தானாகவே கொடுத்தாலும் இப்படித்தான். ஒன்று அழற்சியின் வாசலிலும் மற்றொன்று மூலப்பொருளின் வாசலிலும் நுழைகின்றன. மேற்கத்திய ஆய்வுகள் இவ்விரண்டையும் தனித்தனி மருந்தாக எடைபோடுகின்றன. நம் ஊரில் இவை ஒரே பொட்டலத்தில் வருகின்றன. அந்தப் பொட்டலத்துக்கு முடிவுத் தேதியும் கிடையாது. வலி நின்றபின் வலி மாத்திரையை நிறுத்தியவர்கூட, வெறும் வயிற்றில் டீ குடித்துவிட்டு மூன்று வீட்டு வேலை முடிக்கும்வரை சாப்பிட நேரமில்லாததால் வரும் எரிச்சலுக்குக் கேஸ் மாத்திரையைத் தொடர்கிறார். அவருக்குத் தேவை எட்டரை மணிக்கு இரண்டு இட்லியோ ரொட்டியோ. அதை எழுதித்தரும் மருந்துச் சீட்டு எங்கும் இல்லை.

இதற்காகக் கேஸ் மாத்திரையை வீசி எறியச் சொல்லவில்லை. இரைப்பைப் புண்ணோ ரத்தக்கசிவோ வந்தவர், இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவர் இதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. காரணம் மறந்துபோய் மூன்று வருஷமாகச் சாப்பிடுபவர்தான் மருத்துவரிடம் போய், குறைக்கலாமா, ஃபமோடிடின் போன்ற வேறு வகைக்கு மாறலாமா என்று கேட்க வேண்டும். நிறுத்தவே முடியாதவருக்குக் கால்சியம் கார்பனேட்டுக்குப் பதில் கால்சியம் சிட்ரேட் கொடுக்கலாம். அது கரைய அமிலம் அவ்வளவாகத் தேவையில்லை.

4. பெயர் தெரியாத மாத்திரை

என் கணிப்பில் இந்தக் கட்டுரையின் மிகக் கனமான பகுதி இதுதான். தகுதியற்ற வைத்தியர்கள் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளில் ஒன்று சின்னதாக, வெள்ளையாக இருக்கும். போட்ட அன்றே மூட்டுவலி பறந்துவிடும். பசி எடுக்கும், முகம் பூரித்து “உடம்பு தேறிட்டே” என்று அக்கம்பக்கம் சொல்லும். பெரும்பாலும் அது பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு. வலிக்கு நாட்டு மருந்து என்று விற்கப்படும் பொடிகளிலும் இதைக் கலந்து விற்றவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு நான்கு வாசல்களிலும் நுழைகிறது. அழற்சியை அடக்குகிறது. எலும்பு கட்டும் செல்களைச் சாகடிக்கிறது. தொடக்க மாதங்களில் அரிக்கும் செல்களின் ஆயுளைக் கூட்டுகிறது. குடலில் கால்சியம் சேர்வதைக் குறைத்து, சிறுநீரில் வெளியேறுவதைக் கூட்டுகிறது. நாளைக்கு 2.5 மி.கி. பிரெட்னிசோலோனை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டாலே எலும்பின் நிலையைச் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். ஒரு சாதாரண மாத்திரை 5 மி.கி. அதாவது பாதி மாத்திரையே எல்லைக்கோடு.

ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக முறையாக ஸ்டீராய்டு சாப்பிடுபவரை இம்ப்ளாண்டிலிருந்து ஒதுக்க வேண்டியதில்லை. அவரது மருத்துவரோடு பேசி, ஆறும் காலத்தை நீட்டி, தொற்று வராமல் பார்த்துக்கொண்டால் முடியும். சாப்பிடுவது ஸ்டீராய்டு என்றே தெரியாதவர்தான் ஆபத்தில் இருப்பவர். “எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை” என்று அவர் சொல்வது அவரைப் பொறுத்தவரை உண்மை. சிகிச்சைக்காக அந்தக் காகிதப் பொட்டலத்தைச் சட்டென்று நிறுத்தினாலோ, நெடுநாள் ஸ்டீராய்டால் தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி அறுவையின்போது கைகொடுக்காமல் ரத்த அழுத்தம் சரிந்து விழலாம். மெலிந்த தோல், காரணமில்லாமல் வரும் ரத்தக் கன்றல், நிலா போல உருண்ட முகம், புதிதாக வந்த சர்க்கரை ஆகியவற்றைக் கண்டால் பல் மருத்துவர் அங்கேயே நிறுத்தி விசாரிக்க வேண்டும். அறுவை அன்று வீக்கம் வராமலிருக்க அவரே கொடுக்கும் ஒரு வேளை டெக்சாமெத்தசோன் இந்தக் கணக்கில் வராது.

5. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை

சர்க்கரை நோயில் மருந்தைவிட நோயே பெரிய எதிரி. கட்டுக்கடங்காத சர்க்கரை எலும்பின் புரதச் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகிறது; நுண்குழாய்களை அடைக்கிறது; தொற்றை வரவேற்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பல மருத்துவர்கள் இம்ப்ளாண்டைத் தள்ளிப்போடுவார்கள். மெட்ஃபார்மின் சர்க்கரையைக் குறைப்பதோடு எலும்பு கட்டும் செல்களுக்கும் உதவுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. குறைந்தபட்சம் அது கெடுக்கவில்லை.

பயோகிளிட்டசோன் அப்படியல்ல. எலும்பாகவோ கொழுப்பாகவோ மாறக்கூடிய மூலச் செல்லை அது கொழுப்பின் பக்கம் திருப்பிவிடுகிறது. இவ்வகை மருந்து சாப்பிடும் பெண்களிடம் எலும்பு முறிவு கூடுவது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. 2013 ஜூனில் மத்திய அரசு இம்மருந்தை நிறுத்திவைத்து, ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு மீண்டும் அனுமதித்தது. அப்போது பேசப்பட்டது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். எலும்பைப் பற்றி யாரும் குரல் கொடுத்ததாக நினைவில்லை. விலை மலிவு என்பதால் இன்றும் மெட்ஃபார்மினோடும் கிளிமிபிரைடோடும் சேர்ந்த முக்கூட்டு மாத்திரையாக அது வலம்வருகிறது. இம்ப்ளாண்டுக்கு வரும் மாதவிடாய் நின்ற பெண்ணின் அட்டையில் இந்தப் பெயரைக் கண்டால், சர்க்கரை மருத்துவரிடம் மாற்று கேட்பது நியாயம்.

பிரஷர் மாத்திரையில் நல்ல செய்தி. அதே மாக்கில் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த அழுத்த மருந்து சாப்பிட்டவர்களின் 327 இம்ப்ளாண்டுகளில் 0.6 சதவீதமே தோற்றன. சாப்பிடாதவர்களின் 1,172 இம்ப்ளாண்டுகளில் 4.1 சதவீதம். அட்டினலால் போன்றவை எலும்பு அரிப்பைத் தூண்டும் நரம்புச் சமிக்ஞையைத் தடுக்கின்றன. தயசைடு வகை கால்சியம் சிறுநீரில் வீணாவதைக் குறைக்கிறது. காரணங்கள் பொருந்தத்தான் செய்கின்றன. என்றாலும் 327இல் தோற்றவை இரண்டே இரண்டு என்பதால், இதை வைத்துப் பிரஷர் மாத்திரையை எலும்புக்கு டானிக் ஆக்கிவிடக் கூடாது. தவறாமல் சாப்பிடுபவர் தவறாமல் பல்லும் துலக்குபவராக இருக்கலாம்.

அம்லோடிபினுக்கு மட்டும் ஒரு விலக்கு. அது சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தடித்த ஈறு இம்ப்ளாண்டைச் சுற்றி அழுக்கைப் பிடித்து வைக்கும். எலும்பு அங்கிருந்து கரையத் தொடங்கும். இது எலும்பு ஆறும்போது நேரும் கேடு அல்ல, பிற்பாடு வருவது.

6. மனநல மருந்து

எஸ்சிட்டலோபிராம், ஃபுளுஆக்சிடின், செர்ட்ராலின் போன்றவை செரடோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. எலும்புச் செல்களிலும் செரடோனின் ஏற்பிகள் உண்டு. 2014இல் வெளியான ஆய்வில் 490 பேரின் 916 இம்ப்ளாண்டுகளில், இம்மருந்து சாப்பிட்டவர்களிடம் 10.6 சதவீதமும் மற்றவர்களிடம் 4.6 சதவீதமும் தோற்றன. இங்கும் மருந்து சாப்பிட்டவர்கள் 51 பேர்தான். இம்மருந்து சிலருக்குத் தூக்கத்தில் பல் நறநறக்கும் பழக்கத்தையும் தருகிறது என்பதால், குற்றம் எலும்பின்மீதா கடிவிசையின்மீதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இருந்த வீடு கண்ணெதிரே இடிபட்டு, வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் 40 கிலோமீட்டர் பின்னால் விட்டுவிட்டுப் போனவர்களில் சிலருக்கு இம்மருந்து தேவைப்பட்டால் வியப்பில்லை. ஒரு பல்லுக்காக அதை நிறுத்தச் சொல்வது கொடுமை. இரவில் கடிகாப்புத் தகடு போட்டு, ஆறும் காலத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்களும் உண்டு. “தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களாம்மா?” என்று தணிந்த குரலில் கேட்டால் பதில் வரும்.

7. எலும்புக்கென்றே கொடுக்கும் மருந்து

அலென்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை அரிக்கும் செல்லை அடக்கி எலும்பின் அடர்த்தியைக் காக்கின்றன. ஆனால் அரிப்பே நடக்காவிட்டால் புதுப்பிப்பும் நடக்காது. தாடையில் எலும்பு வெளியே தெரிந்து ஆறாமல் நிற்கும் நிலை (தாடை நசிவு) சிலருக்கு வரும். 2003இல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் இப்படி 36 நோயாளிகளைப் பதிவுசெய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் புகையால் தாடை அழுகியதை அது பலருக்கு நினைவூட்டியது. இந்தியாவில் அந்தப் பாஸ்பரஸைச் சட்டம் 1913இலேயே விலக்கியது. சிவகாசியில் தொழில் தொடங்கியது அதற்குப் பத்தாண்டு கழித்து. நம்மவர்கள் அந்த ஒரு கொடுமையிலிருந்தாவது தப்பினார்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் 70 மி.கி. அலென்ட்ரோனேட் சாப்பிடுபவருக்குத் தாடை நசிவு வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அவருக்கு விளக்கிச் சொல்லி இம்ப்ளாண்ட் வைக்கலாம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் மாதாமாதம் சோலெட்ரானிக் ஊசி போடுபவருக்கு வைக்கக் கூடாது. அலென்ட்ரோனேட் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால் இரண்டு வாரம் நிறுத்திப் பயனில்லை. டெனோசுமாப் ஆறு மாத ஊசி. அதைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் எகிறும். ஆகவே ஊசியை நிறுத்தாமல், அடுத்தடுத்த இரு ஊசிகளுக்கு நடுவே அறுவையைப் பொருத்த வேண்டும். “வருஷத்துக்கு ஒரு ஊசி” என்று நோயாளி சொன்னால் அது சத்து ஊசி என்று கடந்துபோய்விடக் கூடாது; அதுவும் இவ்வகை மருந்தாக இருக்கலாம்.

8. சில சிறு குறிப்புகள்

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் இரண்டும் கல்லீரலில் வைட்டமின் டியை வேகமாகச் சிதைக்கின்றன. காசநோய்ச் சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம். அது முடியும்வரை பல் காத்திருக்கலாம். ஃபெனிடோயின் ஆயுள்கால மருந்தாக இருக்கும்; வைட்டமின் டி அளவைப் பார்த்து ஈடுசெய்துவிட்டுத் தொடரலாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் ரத்தம் நிற்காது என்று பயந்து தாங்களாகவே நிறுத்துகிறார்கள். எலும்புக்கு இவற்றால் பெரிய கேடில்லை. நிறுத்துவதால் மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். அறுவைக்கு ஒரு மணி நேரம் முன் 2 கிராம் அமாக்சிசிலின் கொடுத்தால், ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர் வீதம் இம்ப்ளாண்ட் இழப்பிலிருந்து தப்புகிறார் என்று கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. அதைச் சாக்காக வைத்து ஏழு நாள் ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு நியாயமில்லை.

பிரண்டை எலும்பைக் கூட்டும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாதும் 1960களில் இதை விலங்குகளின் எலும்பு முறிவில் சோதித்து ஆதரவான முடிவுகளை வெளியிட்டார்கள். துவையலாகச் சாப்பிடுவதில் தடையில்லை. இம்ப்ளாண்ட் பிடிக்கப் பிரண்டை மாத்திரை என்று விற்பவரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை.

புகையிலை மருந்தல்ல. ஆனால் புகையிலை கலந்த பல்பொடியை மருந்தென்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடைசெய்தது. இந்தக் கட்டுரையில் சொன்ன பல மாத்திரைகளையும்விடப் புகையிலை இம்ப்ளாண்டுக்குப் பெரிய கேடு.

9. சான்றுகளின் எடை

மேலே சொன்ன தோல்விச் சதவீதங்கள் கனடாவிலும் ஸ்வீடனிலும் கிடைத்தவை. அவை பின்னோக்கி ஆவணங்களைப் புரட்டிச் செய்த ஆய்வுகள். சீட்டுக் குலுக்கி மருந்து கொடுத்துப் பார்த்தவை அல்ல. ஒரே ஆளின் நான்கு இம்ப்ளாண்டுகள் நான்கு தனிச் சான்றுகள் ஆகிவிடாது. மருந்துக்கும் நோய்க்கும் குற்றத்தைப் பங்கிடுவது எளிதல்ல. அந்த நாடுகளில் மருந்துப் பட்டியல் நம்பகமானது. இங்கே அதுவே கிடைப்பதில்லை.

இவற்றை வைத்து என் தீர்ப்பு: பெயர் தெரியாத ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் கண்டால் இம்ப்ளாண்டைத் தள்ளிப்போட வேண்டும். வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, பயோகிளிட்டசோன் ஆகியவற்றில் அளவும் காலமும் திருத்த வேண்டும். மனநல மருந்துக்கும் எலும்புத் தேய்மான மருந்துக்கும் திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும், மருந்தை அல்ல. பிரஷர் மாத்திரையைப் பொறுத்தவரை ஈறைக் கவனித்தால் போதும்.

10. நடைமுறைக்கு

நம் மருந்துக் கடைகளில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை, ஆறு மாத்திரை என்று கொடுப்பது வழக்கம். வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மறு துண்டோடு போய்விடுகின்றன. 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி மருந்துப் பெயர்களின் உறையில் கியூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது. வெட்டிய துண்டில் அதுவும் எஞ்சாது. கூலி வாங்கிய நாளில் முழு அட்டையும் மற்ற நாட்களில் துண்டும் வாங்குபவரின் மருந்து வரலாறு இப்படித்தான் தொலைகிறது. வீடு இடிபடும்போது பழைய சீட்டுகளும் சேர்ந்து தொலைகின்றன.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன; யாருக்கு என்ன மருந்து என்ற பதிவும் உண்டு. மதராசி கேம்பிலிருந்து சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருந்தது. அப்படித் திரும்பியவர்கள் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொள்வது பல்லுக்கும் நல்லது. டெல்லியிலேயே தங்கியவர்களுக்காக, அங்குள்ள அரசுப் பல் மருத்துவ நிறுவனங்கள் வெளிநோயாளர் அட்டையில் மாத்திரைக்கென்று ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். மூட்டுவலி, கேஸ், தூக்கம், வருடாந்திர ஊசி, காகிதப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்ப வேண்டும். கேட்பவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. அப்படி நிரம்பிய அட்டைகள் சில ஆண்டுகள் சேர்ந்தால், மாக்கில் குழு செய்ததை இந்திய உழைப்பாளிகளை வைத்தே செய்யலாம்.

இதைப் படிப்பவர் பல் கட்டப் போகிறவர் என்றால் அவரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், காலி அட்டைகளையும், பெயர் தெரியாத பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இம்ப்ளாண்ட் வைத்தபின் முதல் இரண்டு மாதங்களுக்குக் கடையில் கேட்டு வாங்கும் புது மாத்திரை எதுவானாலும், போடுவதற்கு முன் அதே மருத்துவரைக் கேளுங்கள்.